இடம் வலம் மாறிய கனெக்டர்

விருதுநகரில் நான் வேலை பார்த்த முதல் ஆபீஸ் ஒரு மிளகாய் வற்றல் குடோனுக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே மூட்டை இறக்கும் நாட்களில் நெடி படியேறி வந்துவிடும். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் தும்மல். மூக்கைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு நாங்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்போம். நான், அவள், கம்பெனி நடத்திய சார். கம்பெனியே அவ்வளவுதான்.

அவளும் நானும் பாலிடெக்னிக்கில் ஒரே வகுப்பு. அவள் ஊர் சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தம். அவளுடைய தாத்தா காலம்வரை அடுத்தவர் காட்டில் கூலி வேலை. அதற்குப் பிறகு வீட்டில் எல்லாரும் பட்டாசு ஆபீஸ்; பட்டாசுத் தொழிற்சாலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். அவளுடைய அம்மா காலையில் கம்பெனி வேனில் ஏறினால் இருட்டும் நேரத்துக்கு இறங்குவார். என்ன தேய்த்தும் விரல்களில் பட்டாசு மருந்தின் சாம்பல் மினுக்கம் போகாது. எங்கள் வீட்டில் கொஞ்சம் பருத்திக் காடு இருந்தது. நான் வேலைக்குப் போகாவிட்டாலும் அடுப்பு எரியும். அவளுக்கு அப்படி இல்லை. அந்த வித்தியாசம் இரண்டு பேருக்கும் தெரியும். பேசிக்கொண்டதில்லை.

எங்களுக்கு வேலை கொடுத்தது பெங்களூரில் இருந்த ஒரு கம்பெனி. ஆஸ்பத்திரியில் நோயாளியின் தலைமாட்டில் வைக்கும் மானிட்டருக்கு சர்க்யூட் போர்டு டிசைன் செய்பவர்கள். அந்த டிசைன் சாஃப்ட்வேருக்குள் ஒரு லைப்ரரி உண்டு. போர்டில் ஏறப்போகிற ஒவ்வொரு சாமானுக்கும், அது ரெசிஸ்டரோ ஐ.சி.யோ கனெக்டரோ, அந்த லைப்ரரியில் இரண்டு படம் இருக்க வேண்டும். ஒன்று, சர்க்யூட் வரைபடத்தில் போடுகிற அடையாளம். இன்னொன்று ஃபுட்பிரிண்ட். அந்தச் சாமான் போர்டில் உட்காருகிற இடம். அதற்கு எத்தனை கால், ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் எவ்வளவு இடைவெளி, முதல் கால் எந்த மூலையில் என்பதெல்லாம் அதில் இருக்கும். தயாரிப்பாளர் அளவெல்லாம் குறித்து வெளியிடும் டேட்டா ஷீட்டைப் பார்த்து அளவு பிசகாமல் அதை வரைய வேண்டும். ஒரே சாமான் இரண்டு பெயரில் உள்ளே நுழைந்துவிடாமல் பார்க்க வேண்டும். சந்தையில் நின்றுபோன சாமானுக்குக் குறிப்பு எழுத வேண்டும். வாரக் கடைசியில் எங்கள் பிரதியைப் பெங்களூருக்கு அனுப்புவோம். அவர்கள் அதைத் தங்கள் லைப்ரரியோடு சேர்த்துக்கொள்வார்கள்.

அலுப்பான வேலைதான். அவளுக்கு மட்டும் அலுக்கவில்லை. ஒரு ஐ.சி.யின் கால்களை வரைந்து முடித்ததும் தாளில் அதே அளவில் பிரிண்ட் எடுத்து, நிஜ சாமான் கையில் இருந்தால் அதை மேலே வைத்துப் பார்ப்பாள். கால் எல்லாம் கட்டத்துக்குள் சரியாக விழுந்தால், "உக்காந்திருச்சு புள்ள" என்பாள். அவள் அம்மா தெருவில் எல்லாரிடமும், மகள் கம்ப்யூட்டரில் படம் எழுதுகிறாள் என்று சொல்லி வைத்திருந்தார்.

சார் நல்ல மனிதர். மல்லாங்கிணறு பக்கம் நிலம் நீச்சு உள்ள குடும்பம். பெங்களூரில் சில வருடம் இருந்துவிட்டு, அப்பா படுக்கையில் விழுந்ததால் திரும்பி வந்தவர். பழைய தொடர்பை வைத்து இந்த வேலையைப் பிடித்திருந்தார். போனில் ஆங்கிலம் பேசும்போது மட்டும் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார்.

அந்த வருடம் அமெரிக்காவில் வங்கிகள் விழுந்தன. தினத்தாளில் படித்தோம், எங்களுக்கென்ன என்று இருந்தோம். ஆனால் பெங்களூரிலிருந்து வரும் வேலை மெல்லக் குறைந்தது. சார் அடிக்கடி மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்க்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் பெங்களூரிலிருந்து அந்தப் போன் வந்தது. சார் எழுந்து நின்று வெகுநேரம் கேட்டார். முகம் வெளிறிப்போனது. வைத்துவிட்டுச் சொன்னார்: "போர்டெல்லாம் அச்சாகி வந்திருச்சாம். நாம வரைஞ்சு குடுத்த கேபிள் கனெக்டர் இடம் வலமா மாறிக் கெடக்காம். ஒரு போர்டுகூட உதவாதாம்."

அந்தக் கனெக்டரை வரைந்தது அவள். உடனே எங்கள் பிரதியைத் திறந்தாள். நானும் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். டேட்டா ஷீட்டையும் ஃபுட்பிரிண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். அந்தத் தயாரிப்பாளர் படத்தைக் கீழேயிருந்து பார்க்கிற மாதிரிப் போட்டிருந்தார். ஓரத்தில் பொடி எழுத்தில் அதைச் சொல்லியும் இருந்தார். போர்டை நாம் மேலேயிருந்துதான் பார்க்கிறோம் என்பதால் அவள் அதைத் திருப்பி வரைந்திருந்தாள். அதுதான் சரி. எங்கள் பிரதியில் தப்பே இல்லை.

சார் பெங்களூர்ப் பிரதியை வரவழைத்தார். அதில் ஃபுட்பிரிண்ட் டேட்டா ஷீட் படம் மாதிரியே இருந்தது. நாங்கள் அனுப்பியதற்குப் பிறகு யாரோ திறந்து மாற்றிச் சேமித்திருக்கிறார்கள் என்று ஃபைலின் தேதியே சொன்னது. அங்கே இருந்த ஒரு இன்ஜினியர் டேட்டா ஷீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, அவள் தப்பாக வரைந்துவிட்டாள் என்று நினைத்துத் திருத்தியிருக்க வேண்டும். பொடி எழுத்தை அவர் பார்க்கவில்லை.

அவளுக்கு உயிர் வந்தது. "சார், இத அப்படியே அனுப்பிருவோம் சார். தேதி இருக்கே. அவங்களுக்கே புரிஞ்சிரும்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார்.

"அந்த இன்ஜினியர்தாம்மா நமக்கு ஆர்டர் தர்றவரு" என்றார்.

"அதுக்கு?"

"அவரு தப்புன்னு அவருக்கு மேல இருக்கவங்ககிட்ட நாம சொன்னா, அடுத்த வாரம் நமக்கு வேலை இருக்காது."

மறுநாள் அவர் மெயில் அனுப்பினார். தவறு எங்களுடையது, வருந்துகிறோம், வரைந்தவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டோம் என்று அவள் பெயரைப் போட்டே எழுதியிருந்தார். அனுப்புவதற்கு முன் எங்களைக் கூப்பிட்டு அவரே படித்துக் காட்டினார். மறைத்துச் செய்யவில்லை, அதைச் சொல்ல வேண்டும். "ஒரு மாசம் வீட்ல இரும்மா. சூடு ஆறட்டும். நானே வந்து கூட்டிட்டு வர்றேன்" என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. அவள் கண்ணில் ஒன்றுமில்லை.

"மெயில்ல அப்படி எளுதாம, சும்மா வீட்ல இருன்னு மட்டும் சொன்னா நான் இருந்துக்கிறேன் சார்" என்றாள். "தப்பு என்னோடதுன்னு எளுத வேண்டாம்."

"எழுதலன்னா நம்ப மாட்டாங்கம்மா."

அவள் டிபன் பாக்ஸையும் தண்ணீர்ப் பாட்டிலையும் எடுத்துப் பையில் வைத்தாள். கம்ப்யூட்டரை முறைப்படி அணைத்தாள். நான் பஸ் நிறுத்தம் வரை கூட நடந்தேன். சிவகாசி பஸ் வந்தது. ஏறும்போது, "அம்மாகிட்ட என்ன சொல்றதுன்னு தெரியல புள்ள" என்றாள்.

ஒரு மாதம் போயிற்று. சார் கூட்டிவரப் போகவில்லை. பெங்களூரிலிருந்து வரும் வேலை என் ஒருத்திக்கே போதாமல் இருந்தது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை விஸ்வநத்தம் போனேன்.

அவள் வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து பட்டாசுக்கான காகிதக் குழாய் சுருட்டிக்கொண்டிருந்தாள். கம்பியில் தாளைச் சுற்றி, பசை தடவி, உருட்டி, உருவிப் போடுகிற வேலை. மடியில் குழாய்கள் குவிந்திருந்தன. என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சிரித்தாள். ஆனால் உள்ளே வா என்று சொல்ல அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

அவள் அம்மாதான் முந்திக்கொண்டு வந்தார். "வாங்க தாயி, வெயில்ல வந்திருக்கீக. சாப்பிட்டீகளா?"

என்னைவிட முப்பது வயதாவது மூத்தவர். அந்த மரியாதை எனக்கு எப்போதும் கூச்சமாக இருக்கும். அன்று இன்னும் அதிகமாக. தண்ணீர் கொடுத்துவிட்டு என் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"எம்புள்ள என்ன தப்பு செஞ்சா? நீங்களாச்சும் சொல்லுங்க தாயி. கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கா. இங்கன தெருவுல ஒருத்தி திருடிட்டாளோங்கா, ஒருத்தி வேற என்னமோ சொல்றா."

"அவ ஒரு தப்பும் செய்யலம்மா. சரியாத்தான் செஞ்சிருந்தா. வேற ஒருத்தர் செஞ்ச தப்பு."

"அப்ப அவுகளத்தான நிப்பாட்டணும்?"

நான் ஃபுட்பிரிண்டைப் பற்றியும் கீழேயிருந்து பார்க்கிற படத்தைப் பற்றியும் சொல்ல முயன்றேன். அவர் தலையாட்டிக் கேட்டார். முடித்ததும் மறுபடி அதே கேள்வியைக் கேட்டார். அவள் வாசலிலிருந்து, "போதும்மா, விடு" என்றாள். அதட்டலாக இல்லை. களைப்பாக இருந்தது.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் பெங்களூர் கம்பெனி எங்கள் ஒப்பந்தத்தையே நிறுத்தியது. அந்தத் தவறு காரணமில்லை என்று மெயிலில் எழுதியிருந்தார்கள். உலக நிலைமை சரியில்லை, வெளியே கொடுக்கும் வேலை எல்லாவற்றையும் நிறுத்துகிறோம் என்று ஒரே வாசகம். லைப்ரரியை முழுதாக ஒப்படைக்க வேண்டும், எங்களிடம் பிரதி எதுவும் இருக்கக்கூடாது என்று கேட்டார்கள். நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் சரிபார்த்து அனுப்பினேன். ஒவ்வொரு ஃபுட்பிரிண்டின் குறிப்பிலும் வரைந்தவர் பெயரின் முதல் எழுத்து இருந்தது. முக்கால்வாசி அவளுடையது.

கடைசி நாள் சார் என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். "நம்ம பிரதிய நானே அழிச்சிர்றேம்மா."

"அந்தக் கனெக்டர் ஃபைலை மட்டும் வச்சுக்குவோம் சார். அவளுக்கு என்னைக்காவது உதவும்."

"பிரதி எதுவும் இல்லைன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன்."

"அவங்களுக்குத் தெரியவா போகுது?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எல்லா ஃபைலையும் அழித்தார். கரண்ட் போய், யு.பி.எஸ். கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. அதை நிறுத்துவதற்காக எழுந்தவர் அப்படியே கீழே இறங்கிப் போய்விட்டார்.

அவர் ஊருக்குப் போய் விவசாயத்தைப் பார்க்கத் தொடங்கினார். வீட்டில் என்னைச் சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு போர்டு டிசைன் கம்பெனியில் லைப்ரரி பார்க்கவென்றே ஆள் எடுத்தார்கள், சேர்ந்தேன். அடுத்த வருடம் அதே வேலைக்கு இன்னொரு இடம் காலியானது. நான் அவளுக்குப் போன் போட்டேன்.

அவள் ஒரு பட்டாசு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தாள். பின்னால் பெட்டி இழுக்கும் சத்தமும் யாரோ கூப்பிடும் சத்தமும் கேட்டன. வேலையைப் பற்றிச் சொன்னேன். நீ வரைந்து காட்டினால் ஒரே நாளில் வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள், என் ரூமிலேயே தங்கலாம் என்றேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"முந்தின வேலைய ஏன் விட்டேன்னு கேப்பாங்கள்ல?" என்றாள்.

"கேப்பாங்க. உள்ளத உள்ளபடி சொல்லு."

"அவங்க பெங்களூருக்குப் போன் போட்டு விசாரிச்சா? அங்கன எம்பேரு போட்டு தப்புன்னுல்ல எளுதி வச்சிருக்கு."

"நான் வந்து சொல்றேன்."

"நீ சொல்லுவ புள்ள. எனக்குத் தெரியும்." கூப்பிட்டவரிடம் வருகிறேன் என்று குரல் கொடுத்தாள். "ஒருத்தர் மொகத்தப் பாத்து, நான் தப்புச் செய்யலன்னு மறுபடி மொதல்லருந்து சொல்ல என்னால ஆகாது. இங்கன யாரும் எதையும் கேக்கல. சீசன் ஓடுது, லோடு ஏத்திக்கிட்டு இருக்கோம். வைக்கவா?"

வைத்துவிட்டாள். தீபாவளி கழிந்ததும் மறுபடி கூப்பிட்டேன். அவள் அம்மா எடுத்தார். மகளுக்குக் கோவில்பட்டிப் பக்கம் கல்யாணம் முடிந்துவிட்டது என்றார். எனக்குச் சொல்லவில்லையே என்று வாய் வரை வந்தது, கேட்கவில்லை. புது நம்பர் கேட்டேன்.

"வேண்டாம் தாயி" என்றார். "அங்கன அவுகளுக்கு இந்த வேலைக் கதையெல்லாம் தெரியாது. நீங்க நல்லா இருங்க."

போனை வைத்துவிட்டார். சென்னையில் மழை பிடித்திருந்தது. மதிய இடைவேளை முடிந்திருந்ததால் இடத்துக்குத் திரும்பிப் போய், பாதியில் விட்டிருந்த ஃபுட்பிரிண்டைத் திறந்தேன். அன்று சாயங்காலம் வரை என்னால் ஒரு காலைக்கூட வரைய முடியவில்லை.