சவுண்டம்மாவின் மைக்

அந்த வட்டாரத்தில் எந்தக் கூட்டம் நடந்தாலும் மைக் கட்டுவது அவள்தான். கணவன் செத்தபோது விட்டுப்போனது இரண்டு ஸ்பீக்கரும் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரும் ஒரு சின்ன மகனும். "பொம்பளைக்கு ஒயரும் பிளக்கும் எதுக்கு?" என்று கேட்டவர்களே பிறகு அவளிடம் தேதி கேட்டு நின்றார்கள். ஊர் அவளைச் சவுண்டம்மா என்றே கூப்பிட்டது. அவள் தொண்டைக்கு மைக்கே தேவையில்லை என்பது வேறு விஷயம்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு செய்த வேலை ஒன்று உண்டு. ஓர் அறக்கட்டளை வருஷா வருஷம் ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு கொடுக்கும் விழா. நல்ல காரியம்தானே என்பீர்கள். கொடுக்கிற லட்சணத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள். பிள்ளை மேடையேறும்போதே செயலாளர் அதன் வீட்டுக் கதையை மைக்கில் வாசிப்பார். அப்பன் குடிகாரன், அம்மா பாத்திரம் தேய்க்கிறாள், அடுப்பு எரிவது ஒருவேளைதான். மண்டபமே உச்சுக்கொட்டும். பிள்ளை அழுதால் புகைப்படக்காரர் பாய்ந்து வருவார். அழாவிட்டால், "கண்ணைத் துடைச்சுக்கற மாதிரி நில்லும்மா" என்று செயலாளரே எடுத்துக்கொடுப்பார். தர்மப் பிரபுக்கள்!

அவளுடைய மகனும் ஒரு வருஷம் அந்த மேடையில் ஏறினான். "நாதியில்லாத பிள்ளை" என்று வாசித்தார்கள். பெற்றவள் பத்தடி தள்ளி ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவன் பணக் கவரைத் தொடாமல் மறுபக்கப் படி வழியாக இறங்கிப் போய்விட்டான். படிப்பு அதோடு நின்றது. இப்போது வேன் ஓட்டுகிறான், கைநிறையச் சம்பாதிக்கிறான். ஆனால் கல்லூரி வாசலைத் தாண்டும்போது மட்டும் பேச்சை நிறுத்திவிடுவான்.

இந்த வருஷம் மேடையேற வேண்டியவர்களில் தங்கை மகளும் இருந்தாள். நர்ஸிங் படிக்க இடம் கிடைத்துவிட்டது. தங்கைக்கு ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை. எங்கெங்கோ கையேந்தியும் கட்டணத்தில் பாதிகூடப் புரளவில்லை. வாரக் கடைசிக்குள் கட்டாவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும்.

"நான் மேடைக்குப் போகமாட்டேன் பெரியம்மா. படிக்காமலே இருந்துக்கறேன்" என்றாள் பெண்.

தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். "பாருக்கா இவ பேசறதை! ஒரு நிமிஷம் தலையைக் குனிஞ்சா என்னடி குறைஞ்சுடும்?"

"குறையும்" என்றாள் சவுண்டம்மா. "என் பிள்ளைக்குக் குறைஞ்சுது." பிறகு பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "நீ போ. ஆனா அவர் வாசிக்கறதைக் கேட்டுட்டு நிக்காதே. அறக்கட்டளைத் தலைவருக்கு முன்னாடி ஒரு மைக் இருக்கும். அதுல உன்னைப் பத்தி நீயே பேசு."

"பாதியில ஆஃப் பண்ணிட்டா?"

"ஆஃப் பண்றது யாருடி? நான்தானே?"

தங்கைக்கு அன்றிரவே காய்ச்சல் வந்துவிட்டது. ஆனாலும் விழாவன்று முதல் ஆளாக வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள்.

பெண்ணைக் கூப்பிட்டார்கள். "தந்தை கைவிட்ட நிலையில், அழுக்குத் துணி துவைத்துப் பிழைக்கும் தாயின்..." என்று செயலாளர் குரலைத் தழுதழுக்க வைத்துக்கொண்டு தொடங்கினார். பெண் நேரே தலைவருக்கு முன்னால் இருந்த மைக்குக்குப் போனாள்.

"நிறுத்துங்க சார். எங்க வீட்டுக் கதையை நானே சொல்றேன்." குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "எங்கம்மா துவைக்கற துணியிலதான் இந்த ஊர் நோயாளிங்க படுத்து எழுந்திரிக்கறாங்க. எங்கப்பா விட்டுட்டுப் போனதுக்கு அவர்தான் வெட்கப்படணும், நான் எதுக்குப் படணும்? எனக்கு நர்ஸிங்ல இடம் கொடுத்திருக்காங்க. மார்க் பார்த்துக் கொடுத்தாங்க. நான் அழுது வாங்கலை."

செயலாளர் படியிறங்கிச் சவுண்டம்மாவிடம் ஓடிவந்தார். "மைக்கை ஆஃப் பண்ணும்மா!"

"மாட்டேன்."

"வாடகை வேணுமா வேணாமா உனக்கு?"

"நீங்களே வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு ஆம்ப்ளிஃபயரை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டாள். அவளை நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். செயலாளரோ ஒல்லிப்பிச்சான்.

அந்த நேரம் பார்த்துத் தலைவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சாய்ந்தார். முன்னால் மைக் உயிரோடு இருப்பதை அவர் மறந்துபோனார். "அழச் சொல்லித்தானே இந்தச் செயலாளர் கூட்டிட்டு வந்தான்? இது என்னய்யா, திமிராப் பேசுது. போட்டோ ஒண்ணும் தேறாது போல."

மண்டபத்தில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் கேட்டது.

முதலில் பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு மூன்றாவது வரிசையில் காய்ச்சல்காரி எழுந்து நின்று தனியாகக் கை தட்டினாள். பிறகு எத்தனை பேர் தட்டினார்கள் என்று கணக்கில்லை. தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. கவரை நீட்டுவதைத் தவிர அவருக்கு வேறு வழியும் இல்லை. பெண் வாங்கிக்கொண்டு, "நன்றி" என்றாள். சும்மா சொல்லவில்லை, மனசாரச் சொன்னாள். பணம் கொடுத்ததற்கு நன்றி சொல்ல அவளுக்கு ஒரு தயக்கமும் இல்லை.

"இனிமே இந்த மண்டபத்துப் பக்கம் தலைவெச்சும் படுக்காதே" என்று செயலாளர் சவுண்டம்மாவிடம் பல்லை நறநறத்தார்.

"அதை அப்புறம் பேசலாம். அடுத்த பிள்ளை நிக்குது, கூப்பிடுங்க."

அவர் கூப்பிடவில்லை. கூப்பிடாமலே வந்தது அது, நரம்பு மாதிரி இருந்த ஒரு சின்னப் பெண். அவள் வீட்டுக் கதைக் காகிதத்தோடு செயலாளர் மறுபடி மேடைக்கு ஓடினார். அவர் வந்து சேர்வதற்குள் அவள் மைக்கைப் பிடித்துவிட்டாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"கேக்கலை!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

சவுண்டம்மா ஒலியைக் கூட்டினாள். மேடையில் அந்தப் பெண் மூச்சை இழுத்து மறுபடி தொடங்கினாள். தன் பெயரைச் சொன்னாள். என்ன படிக்கப்போகிறாள் என்று சொன்னாள். கடைசி வரிசை வரை கேட்டது.