உளுந்துக் காட்டில் என்னைத் தூக்கியவர்கள்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கார்த்திகை மாதக் காலையில், நான் ஓட்டிக்கொண்டிருந்த போர் விமானத்தின் இடது இறக்கை கழன்று விழுந்தது. வழக்கமான பயிற்சிதான். ஒரு திருப்பத்தில் படாரென்று சத்தம் கேட்டது. விமானம் பம்பரம்போல் உருளத் தொடங்கியது. கால்களுக்கு நடுவில் இருந்த பிடியை இழுத்தேன். இருக்கை என்னை வெளியே எறிந்தது.

பாராசூட்டில் தொங்கியபடி, விமானம் வேலிக்கருவைக் காட்டுக்குள் விழுந்து எரிவதைப் பார்த்தேன். சுற்றிலும் ஒரு வீடுகூட இல்லை. அதில் என் சாமர்த்தியம் எதுவும் கிடையாது. இறக்கை போன பிறகு அது எங்கே விழும் என்பது என் கையில் இல்லை.

நான் விழுந்தது நாகலாபுரம் பக்கம், மழையில் ஊறிய ஓர் உளுந்துக் காட்டில். எழ முயன்றேன். இடுப்பில் கத்தியைச் செருகியதுபோல் இருந்தது. களையெடுத்துக்கொண்டிருந்த பெண்களும் பக்கத்துப் புஞ்சை ஆட்களும் ஓடி வந்தார்கள். இரண்டு பேர் என் அக்குளில் கை கொடுத்தார்கள்.

"ஏலே, விடுங்கலே அவியள! தூக்காதீங்க!"

நாற்பது வயதிருக்கும் ஒரு அக்கா. களைக்கொத்தி இன்னும் கையில் இருந்தது.

"ரத்தம் வருதுக்கா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவண்டாமா?"

"போவணும். இப்படி இல்ல. எங்க வீட்டாளு லாரி மேலருந்து விழுந்தப்ப, ஆளுக்கொரு கையப் பிடிச்சுத்தான் தூக்குனாங்க. அன்னைக்குப் படுத்தவரு இன்னும் எந்திரிக்கல. பலகையில வச்சுக் கொண்டாந்திருக்கணும்னு டாக்டரு பெறவுதான் சொன்னாரு."

என் பக்கத்தில் சேற்றிலேயே உட்கார்ந்தார். "சார், பூட்ஸுக்குள்ள வெரல ஆட்டிப் பாருங்க. ஆடுதா?"

"ஆடுது."

"அப்பச் சரி. அசையாமக் கெடங்க."

அடுத்த புஞ்சையின் மோட்டார் அறைக் கதவைக் கழற்றிக் கொண்டுவந்தார்கள். அக்கா என் தலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு சொல்ல, ஆறு பேர் ஒரே நேரத்தில் என்னைக் கதவின் மேல் நகர்த்தினார்கள். துண்டுகளால் கட்டினார்கள். ஈரக் கரிசலில் எந்த வண்டியும் இறங்காது. சுமையோடு நடந்த அவர்கள் கால் முழங்கால்வரை புதைந்தது. எடுத்து வைத்த ஒவ்வொரு அடிக்கும் மண் அப்பிக்கொண்டு வந்தது. தார்ச்சாலைக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. தோள் மாற்றும்போதெல்லாம் அக்கா, "சாயுது, சாயுது! தலமாட்டுல கொஞ்சம் ஏத்துங்கலே" என்று சத்தம் போட்டார்.

தீப்பெட்டி ஆபீசுக்குத் தொழிலாளர்களை ஏற்றிப்போகும் வேன் ஒன்று வந்தது. உள்ளே இருந்த பெண்கள் யாரும் சொல்லாமலே இறங்கி வெயிலில் நின்றார்கள். டிரைவர் ஒவ்வொரு பள்ளத்துக்கும் வேகத்தைக் குறைத்துக் கோவில்பட்டி கொண்டு சேர்த்தார். அந்தப் பெண்களில் ஒருவர் முகமும் எனக்கு நினைவில்லை.

முதுகெலும்பில் ஒரு கணு நொறுங்கியிருந்தது. ஒரு சில்லு நரம்பைத் தொடுகிற தூரத்தில் நின்றது. "உங்கள யாராவது உட்கார வச்சிருந்தா, இடுப்புக்குக் கீழ ஒண்ணும் இருந்திருக்காது" என்றார் டாக்டர்.

இறக்கை உடலோடு சேரும் இடத்தில், ஒரு போல்ட்டின் அடியில், கண்ணுக்குப் படாத விரிசல் ஒன்று பல காலமாக வளர்ந்து வந்திருக்கிறது என்று விசாரணையில் தெரிந்தது. அதன் பிறகு நான் ஜெட் ஓட்டவில்லை. மேசை வேலை கொடுத்தார்கள்.

அடுத்த ஆண்டு, ஊன்றுகோலோடு அக்காவின் வீட்டைத் தேடிப் போனேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் என்னைப் பேச விடவில்லை.

"நடக்குதீங்களே சார்! உள்ள வாங்க. இவரு முன்னால ஒருக்க நடங்க, பாக்கட்டும்."

கட்டிலில் அவருடைய கணவர் படுத்திருந்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது. இருந்தும் அந்தச் சின்ன அறையில் சுவருக்குச் சுவர் நடந்தேன். அவர் என் பாதங்களையே பார்த்தார்.

"குறுக்கு வலிக்குதா சார்?"

"மழைக்காலத்துல இடுப்பு கொஞ்சம் வலிக்கும்ணே."

"வலிக்கட்டும் சார். எனக்கு அதுவும் தெரியாது" என்று சிரித்தார். கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். அவர் பிடி நல்ல பலமாக இருந்தது.

"உக்காருங்க சார், காப்பி போடுதேன்" என்றபடி அக்கா அடுப்பைப் பற்ற வைத்தார்.