நாய் குரைக்கும் சீட்டு

கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் அந்த ஒப்பந்தத் தொழிலாளி எப்போதும் வாசற்படியில் கால்களைத் தொங்கப்போட்டுத்தான் உட்காருவார். நான் படித்துக்கொண்டிருந்த, குறி சொல்லும் டாரட் சீட்டுகளின் வரலாற்றுப் புத்தகத்தில் ‘முட்டாள்’ சீட்டின் படத்தை ஒருநாள் எட்டிப் பார்த்தார். மலை விளிம்பில் மூட்டையோடு ஒருவன். காலடியில் குரைக்கும் நாய்.

“நாய் இன்னா சொல்லுது சார்?”

“பள்ளம் இருக்கு, போகாதேங்குது.”

“இன்னிக்கு ஆசிட் தொட்டி கழுவணும் சார். உள்ள கேஸ் கீதுன்னு சொன்னேன். எறங்கலன்னா நாளைக்கு வேலைக்கு வராதன்னுட்டாரு சூப்பர்வைசர்.” சிரித்தார். “இவனுக்காவது ஒரு நாய் கீது.”

பையைத் தோளில் மாட்டி இறங்கிப் போனார். வழக்கம்போல் படித்த பக்கத்தின் ஓரத்தில் தேதியைக் குறித்துக்கொண்டேன், அவர் பெயரைக் கேட்கவில்லை. அதன்பின் வாசற்படியில் அவரைக் காணவில்லை.

இதைவிடப் பழைய டாரட் சீட்டுகளில் அந்த நாய் முட்டாளின் காலைப் பிடித்தே இழுக்கும். நான் குரைக்கக்கூட இல்லை.