தம்பியின் நம்பருக்குப் போன ஓடிபி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், யாருக்குக் கடிதம் வந்தாலும் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். எதற்கும் இன்னொரு இடத்தைக் கொடுக்கும் அந்தப் பழக்கத்தில், அரசாங்க வீட்டுத்திட்ட இணையதளத்தில் அம்மாவைப் பதிந்தபோதும் தம்பியின் நம்பரையே கொடுத்தோம். அப்போது வீட்டில் போன் வைத்திருந்தவன் அவன்தான். பிறகு என்னோடு சண்டை போட்டுக்கொண்டு கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனான். நானும் ரோஷத்தில் அவனுக்குப் போன் அடிக்கவே இல்லை.

போன மாதம் அந்தத் தளத்துக்குள் போக முடியவில்லை. பாஸ்வேர்ட் பிழை என்றது. உதவிக்கு அடித்தால், "வேற பிரவுசர்ல பாருங்க" என்றார்கள். இன்னும் இரண்டு பிரவுசரை இறக்கிப் பார்த்தேன். சாவி இல்லாதவன் எந்த வாசலில் நின்றால் என்ன? கடைசியில் பாஸ்வேர்டை மாற்றப் போனேன். ஓடிபி தம்பியின் நம்பருக்குப் போய்விட்டது.

வீட்டுக்குள் பேச்சு சரியாகக் கேட்காது. மழையில் வெளியே போய் அவனுக்கு அடித்தேன். சிங்களத்தில் ஒரு பெண் பேசினாள். ஒரு வருஷமாக இது தன் நம்பர், தம்பியைத் தெரியாது என்றாள். ஆனாலும் பொறுமையாக ஓடிபியை வாசித்துச் சொன்னாள்.

உள்ளே வந்து போட்டேன். திறந்தது.

அடுப்பங்கரையிலிருந்து அம்மா கேட்டாள்: "தம்பிக்கா அடிச்ச? சாப்பிட்டானாமா?"

"சாப்பிட்டானாம்" என்றேன்.