முதலாளியின் தொப்பையும் இரண்டு டேப்புகளும்

பொம்மை செய்கிறவர்கள் வீட்டில் கடவுளுக்குப் பயப்படுவது கொஞ்சம் கஷ்டம். எங்கள் ஷெட்டில் பிள்ளையார் அச்சிலிருந்து வெளியே வரும்போது தும்பிக்கை இல்லாமல்தான் வருவார். அதைத் தனியாகச் செய்து ஒட்ட வேண்டும். மதியத்துக்குள் ஒரு பலகை நிறைய மொட்டை மூஞ்சிப் பிள்ளையார்கள் வரிசையாக உட்கார்ந்து மூக்குக்காகக் காத்திருப்பார்கள். சூளையில் ஏதாவது வெடித்தால், "போச்சு, கிருஷ்ணர் தெறிச்சிட்டாரு" என்பார் என் கணவர், டீயை உறிஞ்சிக்கொண்டே.

விருத்தாசலத்தில் செராமிக் பேட்டைப் பக்கம் எங்களைப் போல நிறைய பேர் இருக்கிறார்கள். சூளையும் கணக்கும் என் கணவர் பொறுப்பு. வரைவது என் வேலை. ஒரு பொம்மையை முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று நான் வரைந்து கொடுத்தால், அதைப் பார்த்துத்தான் முதல் மாதிரியைக் களிமண்ணில் பிடிப்பார்கள். எங்களிடம் சரக்கு எடுக்கும் சென்னை வியாபாரி ஒருவர் வாட்ஸ்அப்பிலேயே குடியிருப்பவர். படத்தை அனுப்பிய கையோடு பதில் வரும்: "மேடம், சாமியைக் கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்க." சிரிக்க வைத்து அனுப்பினால், "இவ்ளோ வேணாம்." அழிரப்பரால் தேய்த்துத் தேய்த்து ஒரு சரஸ்வதிக்கு வாயிருந்த இடத்தில் ஓட்டையே விழுந்துவிட்டது. அதோடு, மூன்று நாளாக உட்கார்ந்து வரைந்த கல்யாண ஜோடி ஒன்று களிமண் குழம்பு வாளிக்குள் விழுந்து, வெளியே எடுத்தபோது ஊத்தப்பமாக இருந்தது. அன்றைக்குத்தான் திரையிலேயே பேனாவால் வரைகிற டேப் ஒன்று வாங்குவது என்று முடிவு செய்தேன்.

வீட்டில் மின்சாரத்தில் ஓடும் எதை வாங்கினாலும் பெங்களூரில் இருக்கும் என் கொழுந்தனாரிடம் கேட்டாக வேண்டும். கம்ப்யூட்டர் வேலை செய்கிறவர் என்பதால் மிக்சி முதல் மோட்டார் பம்பு வரை அவர் சொன்னதுதான் சட்டம். மறுநாள் காலையில் வீடியோ காலில் வந்தார்.

"எதுக்கு அண்ணி டேப்?"

"வரையறதுக்கு."

"சும்மா கோலம் மாதிரியா?"

"பொம்மை டிசைனு."

"அப்ப உங்க யூசேஜுக்கு மிட் ரேஞ்சே போதும் அண்ணி. ஹை எண்டெல்லாம் வேஸ்ட்டு."

போனை வைத்ததும் என் கணவர் எழுந்து சட்டையை மாட்டினார். "அவனே சொல்லிட்டான். சின்னதே போதும்."

எனக்கு எரிந்தது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு எது போதும் என்று தெரிந்தவர்கள் எனக்கு முன்பே இங்கே இருந்தார்கள். இத்தனைக்கும் என் கணவர் கையில் இருந்தது கடையிலேயே பெரிய போன். அதை வைத்து அவர் செய்யும் தொழில்நுட்ப வேலை, காலையில் ரோஜாப்பூவோடு இருக்கும் வணக்கப் படங்களை உறவுக்காரர்களுக்கெல்லாம் தள்ளிவிடுவதுதான். உயர்ந்த டேப்பைத்தான் வாங்குவேன் என்று அந்த நிமிடமே தீர்மானித்தேன். அதில் என்ன இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

கடைவீதியில் இருக்கும் பெரிய எலெக்ட்ரானிக்ஸ் கடைக்கு அன்று சாயங்காலமே போனோம். ஷெட்டிலிருந்து நேராகப் போனதால் முழங்கை வரை மாவு பூசிய மாதிரி இருந்தேன். திட்டக்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் விற்பனைப் பெண் ஒருத்தி எங்களைப் பிடித்துக்கொண்டாள். புதுத் தாலி மஞ்சள்கூட மங்கவில்லை. ஆனால் பேச்சில் இருபது வருட அனுபவம்.

"ரெண்டையும் தொட்டுப் பாருங்கக்கா. எதுன்னு உங்க கையே சொல்லிரும்."

ஒரு பெரியது, ஒரு சின்னது என்று இரண்டு டேப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பெரியதின் விலைக்குச் சின்னதை இரண்டு வாங்கிவிட்டு, மிச்சத்தில் குடும்பத்தோடு பிரியாணியும் சாப்பிடலாம். முதலில் சின்னதில் பேனாவை வைத்து ஒரு கோடு இழுத்தேன். பேனா போன பிறகு, கூப்பிட்ட குரலுக்கு "தோ வரேன்" என்று சொல்லிவிட்டு வருகிற ஆள் மாதிரி, கோடு கொஞ்சம் தாமதமாக வந்தது. பெரியதில் இழுத்தேன். பேனாவும் கோடும் ஒன்றாகவே போயின. அழுத்தினால் தடித்தது. விட்டால் முடி மாதிரி மெலிந்தது. கல்யாணத்துக்கு முன்பு கவர்மெண்டு ஓவியப் பரீட்சைக்குத் தூரிகை பிடித்தபோது விரலில் இருந்த அதே கூச்சம்.

என் கணவர் என்னவோ செய்துகொள்ளட்டும் என்று பெரியதைக் கொஞ்ச நேரம் அவரிடம் கொடுத்தாள் அந்தப் பெண். கூடவே ஒரு கிரிக்கெட் மேட்சையும் போட்டுவிட்டாள். அவ்வளவுதான். மனிதர் மாறிப்போனார்.

"யம்மா! பாலுல தையலு கூட தெரியுது பாரு."

"தெரியட்டும்."

"நீ பெருசே எடுத்துக்கோ. தொழிலுக்குன்னு வரும்போது யோசிக்கக் கூடாது."

"காலையில போதும்னீங்க?"

"காலையில நான் இதப் பாக்கலயே."

அவரிடமிருந்து அதைப் பிடுங்குவதே பெரும்பாடாகிவிட்டது. நிஜமாகவே ஒரு படம் வரைந்து பார்த்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். விற்பனைப் பெண் பக்கத்தில் நின்று என்னவோ பொத்தானை அமுக்கி, "வயரே வேணாங்கா, இதுல போட்டா அங்கயும்..." என்று எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். என் காதில் பாதிதான் விழுந்தது. எதை வரையலாம் என்று கடையைச் சுற்றிப் பார்த்தேன்.

எதிரே கடை முதலாளி உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலே சுவர் அகலத்துக்கு ஒரு டிவி. கண்கள் பாதி மூடியிருந்தன. தொப்பையை, யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன மூட்டை மாதிரி, மேஜை ஓரத்தில் பத்திரமாகச் சாய்த்து வைத்திருந்தார். பொம்மைக்காரியின் கண்ணுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? நாங்கள் எப்போதும் தொப்பையிலிருந்துதான் ஆரம்பிப்போம். அடி கனமாக இருந்தால்தான் பொம்மை சாயாமல் நிற்கும். தொப்பை வந்தது. கழுத்து இல்லாததால் அந்த வேலை மிச்சம். காதுகள் வந்தன. அதற்குப் பிறகு கை பழக்கதோஷத்தில் தானாகவே போய்விட்டது. மூக்கிருக்கும் இடத்தில் தும்பிக்கை, ஒரு கையில் கொழுக்கட்டை, இன்னொரு கையில் ரிமோட், காலடியில் மூஞ்சூறுக்குப் பதிலாக வாலோடு ஒரு கம்ப்யூட்டர் மவுஸ்.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். திரும்பினேன். வாஷிங் மிஷின் பார்க்க வந்த ஒரு பெண்ணாடத்துக் குடும்பம் முழுவதும் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தது. அந்த அம்மாள் கணவரை இடித்து, "ஏங்க, அது அவருதானே?" என்றாள்.

அவர்கள் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன். சுவர் டிவியில், என் பிள்ளையார் ஆள் உயரத்துக்கு உட்கார்ந்திருந்தார். அதற்கு நேர் கீழே அசல் உட்கார்ந்திருந்தது.

எல்லோரும் தன் தலைக்கு மேலே பார்ப்பதைக் கவனித்து முதலாளி எழுந்தார். நாற்காலியும் அவரோடு கொஞ்ச தூரம் எழுந்தது. அதைக் கழற்றிவிட்டு முன்னால் வந்து, திரும்பி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். விற்பனைப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. பக்கத்தில் நின்ற என் கணவரைக் காணோம். தூரத்தில், என்னை யாரென்றே தெரியாதவர் போல, ஒரு ஃபிரிட்ஜைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு போட்டது?"

"நான்தாங்க. தெரியாம... அழிச்சிடறேங்க."

"இருங்க இருங்க." இன்னும் கிட்டே போனார். "எனக்குக் காது இவ்ளோ பெருசாவா இருக்குது?"

பில் போடும் மேஜையிலிருந்து அவர் மனைவி, தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "சின்னதாத்தான் போட்டிருக்காங்க."

பெண்ணாடத்துக் குடும்பம் வெடித்துச் சிரித்தது. முதலாளி ஒரு நொடி விறைப்பாக நின்றார். பிறகு அவர் தொப்பை முதலில் குலுங்க ஆரம்பித்தது. சிரிப்பு அதன் பின்னால் வந்தது. போனை எடுத்து டிவியைப் படம் பிடித்துக்கொண்டார். எனக்கு நாற்காலி வந்தது. டீ வந்தது. ஃபிரிட்ஜுக்குள்ளிருந்து என் கணவரும் வந்தார்.

"இத பொம்மையா செஞ்சு தருவீங்களா?"

"தரலாங்க. தும்பிக்கை வேணுமா, வேணாமா?"

முதலாளி மூக்கைத் தடவிக்கொண்டு யோசித்தார். "இருக்கட்டுங்க. என் மூக்குக்கு அதுவே தேவலாம்."

"சரி, ரெண்டுல எதப் போடட்டும்?" என்றாள் விற்பனைப் பெண், உயிர் திரும்பி.

"பெருசு" என்றார் என் கணவர்.

நான் பெரியதைப் பார்த்தேன். என் உள்ளங்கை பட்ட இடமெல்லாம் வெள்ளையாக ஒரு தீற்றல். விரலால் துடைக்கப் போய் நிறுத்திக்கொண்டேன். எங்கள் மண்ணில் கலக்கும் வெள்ளைக்கல் பொடி அது. கண்ணாடியைத் தேய்த்து உழுதுவிடும். என் மூக்குக்கண்ணாடி வருடம் ஒன்று தாங்காது. இந்தப் பெரியதை வாங்கினால் தொடும்போதெல்லாம் கை கழுவ வேண்டும், துணி சுற்ற வேண்டும், பட்டுப்புடவையோடு பீரோவில் வைக்க வேண்டும். அது எனக்கு வேலை செய்யாது. நான்தான் அதற்கு வேலைக்காரியாவேன். சின்னதில் கீறல் விழுந்தால் விழட்டும் என்று வரையலாம். அதில் கோடு கொஞ்சம் பிந்தி வந்தால் என்ன, வராமலா போகிறது? ஆசை விட்டுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். டேப்பை அவளிடம் திருப்பிக் கொடுக்கும்போது பேனாவைக் கடைசியாகத்தான் கொடுத்தேன்.

"சின்னதே போடும்மா. எனக்கு இது போதும்."

என் கணவர் பதறினார். "அவ்ளோ நல்லா வரைஞ்சியே அதுல!"

"தையலு தெரியலன்னா போன்ல பாத்துக்கோங்க."

வழி முழுக்க அவர் பேசவில்லை. என்னை அந்தக் கடைக்காரர்களிடம் விட்டுவிட்டு ஃபிரிட்ஜுக்குள் ஒளிந்ததை நான் அவருடைய தம்பி, அவருடைய அக்கா, எங்கள் சூளைக்காரர் என்று ஒருவர் விடாமல் சொல்லி முடித்த பிறகுதான் பேச ஆரம்பித்தார். "ஆஃபர் இருந்துது, பாத்தேன்" என்கிறார் இன்றுவரை.

சின்னதில்தான் முதலாளியின் மூன்று பக்கங்களையும் வரைந்தேன். அதில் ஒரு மூலையில் இப்போது கீறல் விழுந்து கோடு துள்ளும். அந்த இடத்தை விட்டுவிட்டு வரைந்துகொள்வேன். பொம்மை நன்றாக வந்தது. தும்பிக்கை ஒட்டும்போது மட்டும் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். முதலாளி அதைப் பில் மேஜையில் வைத்தார். கொஞ்ச நாளில் யாரோ அதற்குக் குங்குமம் வைத்தார்கள். தவணையில் டிவி எடுக்க வந்த ஒருவர், லோன் அப்ரூவ் ஆக வேண்டும் என்று அதன் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டாராம். ஆகிவிட்டது. இப்போது வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை முழம் பூ சாத்துகிறார்கள். "அது எங்க மொதலாளிதான்னு சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்கக்கா" என்று விற்பனைப் பெண் போனில் சிரிக்கிறாள்.

பேனாவின் முனை தேய்ந்தால் அந்தக் கடைக்குத்தான் போகிறேன். நான் படியேறுவதைப் பார்த்ததும் முதலாளி மேஜையிலிருந்து மூட்டையை எடுத்து, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நிமிர்ந்து உட்காருகிறார். நான் வேறு எதையும் வேடிக்கை பார்க்காமல் முனையை மட்டும் வாங்கிக்கொண்டு சீக்கிரம் இறங்கிவிடுகிறேன். பாவம், எவ்வளவு நேரம்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்.