அளவு ஜாக்கெட்டின் இடது கை

பேட்டை ரைஹானத்துக்கு எதையும் பிரித்துப் பார்த்தால்தான் தூக்கம் வரும். கல்யாண வீட்டுக்குப் போனால் மணப்பெண்ணின் முகத்தைப் பார்க்க மாட்டாள், ஜாக்கெட் முதுகைப் பார்ப்பாள். தையலில் அவளுக்கு ஒரே பெருமை: அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போனால் நூலளவும் பிசகாது. இருபது வருஷத்தில் 'இறுக்கிப் பிடிக்குது' என்று ஒருத்திகூடத் திரும்பி வந்ததில்லை. அதைத் தெருவெல்லாம் சொல்லியும் வைத்திருந்தாள்.

அவளுக்குத்தான் வீட்டுக்காரர் ஆரிப் துபாயிலிருந்து துணி வெட்டும் மெஷினைக் கொண்டுவந்து இறக்கினார். பசைத் தாளில் துணியை ஒட்டி உள்ளே விட்டால் முதலில் பார்க்கும். பார்த்ததைத் திரையில் கோடாகக் காட்டும். பிறகு நகக்கண் அளவுக் கத்தி ஒன்று அந்தக் கோட்டிலேயே ஓடி வெட்டும். "இதுக்குக் கண்ணு எங்கன இருக்கு?" என்று டார்ச் அடித்துத் தேடினாள். ஆரிப் பயந்துபோய் வயரைப் பிடுங்கிவிட்டார்.

அவர் விமானம் ஏறியதும் தடுக்க யாரும் இல்லை. ரேஷன் கடையில் எடை போடும் இசக்கியம்மா, மகள் கல்யாணத்துக்குத் தான் போட ஒரு ஜாக்கெட் கேட்டு, பட்டுத் துணியும் பூப்போட்ட அளவு ஜாக்கெட்டும் கொடுத்திருந்தாள். இன்னும் மூன்றே நாள். அளவு ஜாக்கெட்டையே மெஷின் பார்த்துவிட்டால் என்ன? ரைஹானத் அதன் இடது கையைப் பிரித்து, தேய்த்து, தாளில் ஒட்டி உள்ளே விட்டாள். திரையில் கையின் கோடு அச்சாக வந்தது. அதற்குள்ளே குட்டி குட்டியாக வேறு என்னவோ தெரிந்தது. அதை எடுத்துவிட்டுப் பட்டுத் துணியை வைத்த பிறகுதான் வெட்டச் சொல்ல வேண்டும். அது என்னவாக இருக்கும் என்ற ஆவலில் பொத்தானை அமுக்கிவிட்டாள்.

கத்தி ஒவ்வொரு பூவாகச் சுற்றி வந்தது. நிறுத்தவும் தெரியவில்லை. பதினேழு பூ தனித்தனியாக வந்துவிட்டது, கை சல்லடையாகிவிட்டது.

"யா அல்லா" என்று உட்கார்ந்துவிட்டாள். அளவுக்கு வலது கை இருக்கிறது, கொடுத்தவளுக்கு என்ன பதில் சொல்வது? ஜாக்கெட் தொலைந்துவிட்டது என்று சொல்லலாமா என்றுகூட நினைத்தாள். மனசு கேட்கவில்லை. பூக்களைப் பையில் அள்ளிக்கொண்டு இசக்கியம்மா வீட்டுக்குப் போனாள்.

"திட்டிருங்கக்கா."

இசக்கியம்மா ஒரு பூவை எடுத்துப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. "விடுட்டி. அந்தக் கை எனக்கு ஏறியே எட்டு வருசமாச்சு."

"பொறவு எதுக்கு அதையே தாரிய?"

"பெருத்துட்டேன்னு என் வாயால எப்படிட்டி சொல்ல? நீ தைச்சுத் தாரத வீட்டுல வச்சுக் கைத் தையலப் பிரிச்சுத்தான் போடுதேன்."

ரைஹானத்துக்கு அழுகையே வந்துவிட்டது. கை போனதற்கல்ல, எட்டு வருஷப் பெருமை பொய்யாகிப் போனதற்கு. டேப்பை எடுத்து அளந்தாள். கைச்சுற்றில் இரண்டரை அங்குலம் கூடுதல். அதைத் தாளில் வரைந்து மெஷினுக்குக் காட்டினாள்.

கல்யாணத்தன்று இசக்கியம்மா அட்சதை போடக் கையைத் தூக்கினாள். தாராளமாகப் போனது. ரைஹானத் பந்தியில் இருந்த தன் வாடிக்கைக்காரிகளின் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். தையல் பிரித்த ஊசித்துளைகள் அவள் கண்ணுக்குத் தப்புமா? ஆறு பேர்.

மறுநாள் காலையில் முதல் ஆள் அளவு ஜாக்கெட்டை நீட்டினாள். ரைஹானத் அதை வாங்கவில்லை.

"அத வீட்டுலயே வைங்கக்கா. கைய நீட்டுங்க."