இடது பக்கத்துக்கு இரண்டு தட்டு

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேய், காத்து, கருப்பு என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவள் நான். வண்டிச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவதுகூட என் மாமியார் வாசலில் நின்று பார்ப்பார் என்பதற்காகத்தான். பெரம்பலூரில் எங்களுக்கு டிராக்டர் உதிரிபாகக் கடை இருக்கிறது. இருபது வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். உடைந்துபோன எந்தச் சாமானைக் கொண்டுவந்து மேசையில் போட்டாலும் அது ஏன் உடைந்தது என்று சொல்லிவிடுவேன், காரணம் இல்லாமல் ஒன்றும் உடையாது என்பது என் கட்சி. அப்படிப்பட்டவள் இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொண்டே கேளுங்கள், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

என்னிடம் ஒரு பழைய ஜீப் இருக்கிறது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. என் நகையைவிட அதன்மேல் எனக்கு ஆசை அதிகம் என்று வீட்டுக்காரர் சொல்வார், அது உண்மைதான். அதை உயரம் தூக்கி, முப்பத்து மூன்று இஞ்ச் டயர் போட்டு, சேறு, மேடு, ஆற்று மணல் என்று ஓட்டுவேன். இந்தப் பக்கத்தில் இப்படி ஒரு கூட்டம் இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை அரியலூரைத் தாண்டி, செந்துறை ரோட்டில், சுண்ணாம்புக்கல் தோண்டிவிட்டுப் போட்ட ஒரு தனியார் நிலத்தில் நாங்களே போட்டி வைத்துக்கொள்வோம். அதில் கடைசித் தடை ஒரு சேற்றுக்குழி. வெள்ளைச் சேறு, பசை மாதிரி பிடித்துக்கொள்ளும். ஐந்து நிமிஷத்துக்குள் வெளியே வரவேண்டும், யாரும் கை காட்டக்கூடாது, குரல் கொடுக்கக்கூடாது.

போன போட்டியில் நான் அந்தக் குழியில் மாட்டிக்கொண்டேன். அவ்வளவு பெரிய டயருக்குப் பழைய ஸ்டீயரிங் போதவில்லை. இரண்டு கையாலும் தொங்கித்தான் திருப்ப வேண்டியிருந்தது. உள்ளே ஒரு கல்லில் டயர் மோதியது, ஸ்டீயரிங் வீல் சடாரென்று எதிர்ப்பக்கம் சுழன்று என் வலது கையில் அடித்தது. சுண்டுவிரல் முட்டி உடைந்துவிட்டது. பிறகு சேர்ந்தது, ஆனால் இன்றைக்கும் கையை மடக்கினால் மூன்று முட்டிதான் மேலே நிற்கும், சுண்டுவிரல் முட்டி உள்ளே அமுங்கிக் கிடக்கும்.

என்னைக் கயிறு கட்டி வெளியே இழுத்தது என் கொழுந்தன் குமரேசன். வீட்டுக்காரரின் தம்பி, அவனிடமும் ஒரு ஜீப் உண்டு. நல்ல பையன்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது. எல்லோருக்கும் எதிரில், "வண்டியில தப்பு இல்லைங்க அண்ணி. இந்த டயருக்கு ஆம்பளை கை வேணும்" என்றான். எனக்கு விரல் வலி ஒரு பக்கம், சேறு ஒரு பக்கம், கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "அடுத்த வாட்டி இந்தக் குழிய நானே தாண்டலைன்னா வண்டிய நீயே எடுத்துக்க தம்பி" என்று சொல்லிவிட்டேன். முப்பது பேர் கேட்டார்கள், சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கவா முடியும்.

அதனால்தான் பவர் ஸ்டீயரிங். வேலையைச் செய்தவர் சாதிக் பாய், குரும்பலூர் போகிற வழியில் ஷெட் வைத்திருக்கிறார். அதிகம் பேசமாட்டார், போல்ட்டை முறுக்கும்போது மட்டும் முணுமுணுப்பார். திருச்சியில் பழைய வண்டிகளை உடைக்கிற இடத்தில் இருந்து ஸ்டீயரிங் பாக்ஸும் பம்ப்பும் வாங்கி வந்தார். சேஸிஸில் தகடு வைத்துப் பற்றவைத்து, அளவு பார்த்து, மறுபடி வெட்டி, மறுபடி பற்றவைத்து, மூன்று வாரம் ஆயிற்று. போட்டி ஞாயிற்றுக்கிழமை, வெள்ளிக்கிழமை காலையில்தான் எல்லாம் பொருத்தி முடிந்தது.

பொருத்தியதும் ஓடிவிடாது. எண்ணெய்க் குழாய்களுக்குள் காற்று இருக்கும், அதை வெளியேற்ற வேண்டும். முன்பக்கத்தை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, எஞ்சினைப் போடாமல், ஒருவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கை, ஒரு பக்கம் இனித் திரும்பாது என்று முட்டி நிற்கிற இடத்தில் இருந்து மறுபக்க முட்டு வரைக்கும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொருவர் முன்னால் நின்று டப்பாவில் எண்ணெய் குறையக் குறைய ஊற்ற வேண்டும். பானட் தூக்கியிருப்பதால் முன்னால் நிற்பவருக்குச் சீட்டில் இருப்பவர் தெரியமாட்டார். அதற்குப் பாய் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஸ்டீயரிங் முட்டியதும் கையை மடக்கி விரல் முட்டியால் கதவில் ஒரு தட்டு. தகரக் கதவு, நன்றாகக் கேட்கும். நான் எண்ணெயைப் பார்த்துவிட்டு "போலாம்" என்றால் மறுபக்கம் திருப்புவார். "மூணரை சுத்து தங்கச்சி. எந்தப் பக்கம் முட்டினாலும் அங்கேருந்து ஒண்ணே முக்கால் வந்தா டயரு நேரு. மனசுல வச்சுக்க" என்று சொல்லித் தந்தார். என் ஸ்டீயரிங் வீல் மூன்று கம்பி வைத்தது, பார்வைக்கு எந்தப் பக்கம் நிறுத்தினாலும் ஒன்றுபோலவே இருக்கும்.

பத்துப் பதினைந்து தடவை திருப்பியும் எண்ணெயில் காற்று நுரைத்து வருவது நிற்கவில்லை. பன்னிரண்டே கால் இருக்கும், பாய் கை கழுவிக்கொண்டு ஜும்மாவுக்குக் கிளம்பினார், வந்து முடித்துவிடலாம் என்றார். நான் ஷெட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். உச்சி வெயில், ரோட்டில் ஒரு வண்டி இல்லை. கொஞ்ச நேரம் கழித்து எண்ணெய் டப்பாவைப் பார்க்கலாம் என்று பானட்டுக்குள் குனிந்தேன். சீட் ஸ்பிரிங் கிரீச்சென்றது. பாய் சீக்கிரம் வந்துவிட்டார் என்று நினைத்தேன். "ஆரம்பிக்கலாமா பாய்?" என்றேன். பதில் வரவில்லை, ஸ்டீயரிங் திரும்பியது. அவர்தான் பேசமாட்டாரே.

இடது பக்கம் முட்டியது. கதவில் இரண்டு தட்டு. நான் "போலாம்" என்றேன். வலது பக்கம் முட்டியது. ஒரு தட்டு. இதுவும் நல்ல யோசனைதான், எந்தப் பக்கம் என்று தெரிகிறதே என்று நினைத்துக்கொண்டு எண்ணெய் ஊற்றினேன். இடதுக்கு இரண்டு, வலதுக்கு ஒன்று, அவசரமே இல்லாமல், ஒரே சீராக, இருபது தடவைக்கு மேல் இருக்கும். நுரை குறைந்து, அடங்கி, எண்ணெய் கண்ணாடி மாதிரி நின்றது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூடியைத் திருகிவிட்டு பானட்டை இறக்கினேன்.

சீட்டில் யாரும் இல்லை.

நம்பினால் நம்புங்கள், அப்போதுகூட எனக்குப் பயம் வரவில்லை. டீ குடிக்கப் போயிருப்பார் என்றுதான் நினைத்தேன். பத்து நிமிஷம் கழித்து பாய் தலையில் தொப்பியோடு கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். தொழுகை முடிந்து நேராக வருகிறேன், தாமதமாகிவிட்டது என்றார். நான் டப்பாவைக் காட்டினேன். அவர் ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்த்தார், எஞ்சின் போட்டுப் பார்த்தார், ஒரு விரலால் திரும்பியது. "தனியாவா செஞ்ச?" என்று மட்டும் கேட்டார். தனியாகச் செய்யமுடியாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் தலையாட்டி வைத்தேன். வேறு என்ன சொல்வது, நீங்களே சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வண்டி ஓடவேண்டும், அவ்வளவுதான் அப்போது மனதில் இருந்தது.

சனிக்கிழமை இரண்டு கதவையும் கழற்றினேன், போட்டிக்கு எடை குறையட்டும் என்று. நானே துடைத்து, பாய் ஷெட்டில் சுவரோடு சாய்த்து வைத்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதவு இரண்டும் பெரம்பலூரில் இருந்தன.

முந்தின நாள் ராத்திரி நல்ல மழை. ஞாயிறு காலை குழி போன தடவையைவிட மோசமாகக் கிடந்தது. குமரேசன் என் வண்டியைச் சுற்றிவந்து குனிந்து பார்த்தான். நல்லா பண்ணியிருக்காங்க அண்ணி என்று மெச்சிவிட்டு, போகிற போக்கில், "எந்த ஸ்டீயரிங் போட்டாலும் புடிக்கிறது அதே கைதானங்க" என்றான். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை, என் கையுறையை எடுத்து நீட்டினார். இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டேன். எனக்கு முன்னால் போன ஏழு வண்டியில் ஒன்றுதான் தாண்டியிருந்தது.

மேடு, சரிவு, வளைவு எல்லாம் பறந்தேன். பூ மாதிரி திரும்புகிறது ஸ்டீயரிங், எனக்குப் பாட்டுப் பாடவேண்டும் போல இருந்தது. குழிக்குள் இறங்கியதும்தான் ஆபத்து புரிந்தது. பழைய ஸ்டீயரிங் கனமாக இருந்தாலும் டயர் எங்கே பார்க்கிறது என்று கைக்குத் தெரியும். இதில் தெரியவில்லை. வண்டி பாதிக் குழியில் நின்றுவிட்டது. டயர் இரண்டும் சேற்றுக்குள், எட்டிப் பார்த்தாலும் தெரியாது. நான் பதற்றத்தில் இப்படியும் அப்படியும் திருப்பியதில் எத்தனை சுற்று என்ற கணக்கும் போய்விட்டது. இரண்டு பக்கமும் சேறு பிடித்துக்கொள்கிறது, அது முட்டா, சேறா என்று புரியவில்லை. டயர் கோணலாக இருக்கும்போது மிதித்தால் இன்னும் புதைந்துதான் போகும். மூன்று நிமிஷம் என்று மேலே இருந்து விசில் அடித்தார்கள். போயிற்று, என் வண்டி போயிற்று என்று நினைத்தேன். அழுகை வந்துவிட்டது, மறைக்காமல் சொல்கிறேன்.

இடது பக்கம் மெதுவாகத் திருப்பினேன். நின்றது. இன்னும் அழுத்தினேன், கொஞ்சம் போனது. அப்போது என் வலது முழங்காலுக்குப் பக்கத்தில், தகரத்தில் முட்டியால் தட்டுகிற சத்தம். டக், டக்.

இரண்டு தட்டு.

அங்கே கதவே இல்லை, திறந்த வெளி, அதற்கு அப்பால் சேறு. அதை எல்லாம் நான் அப்போது யோசிக்கவில்லை. என் வாய் தானாக "போலாம்" என்றது. வலது பக்கம் ஒரு சுற்று, பிறகு முக்கால் சுற்று. நிறுத்தினேன். லோ கியரில் போட்டு மிதித்தேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது, முன் டயர் கெட்டியான தரையைக் கவ்வியது, அப்படியே நேர்க்கோட்டில் ஏறி மேலே வந்து நின்றேன். வீட்டுக்காரர் கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்ததில்லை. மூச்சு முட்ட ஓடிவந்து பானட்டைத் தட்டினார்.

அதோடு முடியவில்லை. எனக்கு அடுத்து குமரேசன். இறங்கினான், பாதியில் நின்றான், மிதித்தான், புதைந்தான். ஐந்து நிமிஷமும் முடிந்தது. நான் யாரையும் கேட்கவில்லை, என் வண்டியைத் திருப்பி நிறுத்தி, கயிற்றை எடுத்து அவனிடம் வீசினேன். அவன் இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டு கயிற்றைக் கட்டினான். "கை வலிக்கப் போவுது அண்ணி, மெதுவா" என்றான். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒரே இழுப்பில் வெளியே கொண்டுவந்தேன். அவ்வளவு பேர் கைதட்டி நான் என் வாழ்க்கையில் கேட்டதில்லை. முதல் பரிசு எனக்குத்தான். அந்தக் கோப்பை இப்போதும் கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, வருகிறவர்கள் கேட்காவிட்டாலும் நானே சொல்வேன்.

சாயங்காலம் கோப்பையோடு நேராக பாய் ஷெட்டுக்குப் போனேன், அவருக்குக் காட்டவும், கதவை மாட்டவும். பாய் சந்தோஷப்பட்டார், ஆனால் முகம் சரியில்லை. காலையில் பதினொன்றரை மணிக்கு, பூட்டிக் கிடந்த ஷெட்டுக்குள் இருந்து தகரத்தைத் தட்டுகிற சத்தம் கேட்டதாம். பூனை என்று திறந்து பார்த்திருக்கிறார், ஒன்றும் இல்லை. "ரெண்டே தட்டு தங்கச்சி. அப்புறம் ஒண்ணும் இல்ல" என்றார். நான் குழிக்குள் இருந்த நேரம் அதுதான். தட்டுக் கணக்கை நான் அவரிடம் சொன்னதே இல்லை.

வலது பக்கக் கதவைத் தூக்கித் திருப்பினேன். உள்பக்கத்தில், சீட்டில் உட்கார்ந்தால் கை போகிற இடத்தில், ஈரமாக வெள்ளைச் சேறு. பாய் ஷெட்டைச் சுற்றி முழுக்கக் கரிசல் மண், கன்னங்கரேலென்று இருக்கும். இந்தச் சேறு அரியலூர்க் குழியில் இருந்த சேறு. தட்டின முட்டியின் அடையாளம் தெளிவாக இருந்தது. மூன்று முட்டி. நான்காவது இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. நான் கையை மடக்கி அதன்மேல் வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது.

போட்டி முடிகிறவரைக்கும் நான் கையுறையைக் கழற்றவே இல்லை, வெறும் கையில் சேறு படவே இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் என் இரண்டு கையும் எண்ணெய் கேனைப் பிடித்திருந்தன. திருச்சியில் அந்தப் பாக்ஸ் எந்த வண்டியில் இருந்து வந்தது என்றும் விசாரித்தேன், குவியலில் கிடந்தது என்றார்கள். குமரேசன் சொன்னது மட்டும் காதில் நிற்கிறது, பிடிக்கிறது அதே கைதானே என்று.

அந்த அடையாளத்தை நான் கழுவவில்லை. இப்போது பயமாக இருப்பது அது இல்லை. கடையில் கல்லாவில் சும்மா உட்கார்ந்திருப்பேன், பில் எழுதிக்கொண்டுகூட இருப்பேன், என் வலது கை தானாக மடங்கி மேசையில் இரண்டு தடவை தட்டும். சில நாள் ஒரு தடவை. நான் தட்டுகிறேன் என்பதே எனக்குத் தெரியாது, வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்து, "யாரைக் கூப்பிடுறம்மா?" என்று கேட்கும்போதுதான் தெரியும். நான் தட்டுவது எங்கே, யாருக்குக் கேட்கிறது என்று எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல.